கிலோமீட்டரா, கிலோமீட்டர்ஸா? ஆங்கில அளவுச் சொற்களில் ஒருமை, பன்மைப் பிழை நீக்கும் வழி

நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஒன் ஹண்ட்ரட் ரூபீஸ்’ என்று பன்மையில் இருக்கும். பின்பக்கத்து மொழிப் பட்டியலில், தமிழில், ‘நூறு ரூபாய்’ என்று இருக்கும். ரூபாய்கள் என்று இல்லை. இரண்டுமே சரி. இதே நோட்டை ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் ‘எ ஹண்ட்ரட் ரூபீ நோட்’. இங்கே எஸ் உதிர்ந்துவிடுகிறது. அதுவும் சரிதான்.

தமிழில் எண்ணைச் சொன்னதுமே பன்மை தெரிந்துவிடும். மூணு கிலோ, பத்து லிட்டர், ஆறு அடி, எட்டுப் பவுன். பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வகை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது எஸ் விடுபடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். அதற்குப் பிறகு பயத்தில் எல்லா இடத்திலும் எஸ் போட ஆரம்பிக்கிறோம். முதல் பிழையைவிட இந்த இரண்டாவது பிழைதான் பிடிவாதமானது. படித்து வேலைக்குப் போனவர்களின் அறிக்கைகளிலும், வீட்டு விளம்பரங்களிலும், செயலிகளிலும் நிறையக் காண்பது இதைத்தான்.

ஒரு வாக்கியத்தில் சந்தேகம் வந்தால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த இடத்தில் அலகு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தானே பெயராக நின்று எண்ணப்படுகிறதா? பின்னால் வரும் பெயரோடு அடைமொழியாக ஒட்டி நிற்கிறதா? எத்தனை கிலோ, எத்தனை மீட்டர் என்றாலும் மொத்தத்தில் ஒரே அளவைத்தான் சொல்கிறதா? அல்லது எழுத்தில் வெறும் குறியீடாகச் சுருங்கிவிட்டதா? கீழே உள்ள பெரும்பாலான அறிகுறிகளுக்கு இந்த நாலு கேள்விகளே போதும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் எஸ் இருப்பதும் இல்லாததும் காதில் விழும்.

அறிகுறி: எண் ஒன்றுக்கு மேல், ஆனால் அலகு ஒருமையில் நிற்கிறது

‘த ஸ்கூல் இஸ் ஃபைவ் கிலோமீட்டர் அவே.’ ‘ஷி பாட் டூ கிலோ ஆனியன்ஸ்.’ ‘த வால் இஸ் டென் ஃபுட் ஹை.’

அலகு இங்கே தானே எண்ணப்படும் பெயர். எனவே ‘ஃபைவ் கிலோமீட்டர்ஸ் அவே’, ‘டென் ஃபீட் ஹை’. வெங்காய வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ‘டூ கிலோஸ் ஆஃப் ஆனியன்ஸ்’ என்று எஸ்ஸும் வேண்டும், ‘ஆஃப்’ என்பதும் வேண்டும். இரண்டு கிலோ வெங்காயம் என்று தமிழில் இடையில் எதுவும் இல்லாமல் சொல்வதால் அந்த ‘ஆஃப்’ அடிக்கடி காணாமல் போகிறது. எஸ்ஸைத் திருத்தும்போது அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய அலகுகளுக்கும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் பவுனை ‘சாவரின்’ என்கிறார்கள். கடைக் கணக்கில் ஒரு பவுன் 8 கிராம். ‘டென் சாவரின்ஸ் ஆஃப் கோல்டு’ என்று எழுத வேண்டும். நிலத்துக்கு ‘ஃபைவ் சென்ட்ஸ் ஆஃப் லேண்ட்’, ‘டூ கிரவுண்ட்ஸ்’. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், 2,400 சதுர அடி ஒரு கிரவுண்ட். இந்த அலகுகளை ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பேசுவதில்லை என்பதால் இவற்றுக்குத் தனி விதி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உயரத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. ‘ஹி இஸ் சிக்ஸ் ஃபுட் டூ’ என்று பேச்சில் சொல்வார்கள். அங்குல எண் பின்னால் வரும்போது ‘ஃபுட்’ ஒருமையில் நிற்பது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இயல்பான வழக்கு. முறையான எழுத்தில் ‘சிக்ஸ் ஃபீட் டூ இன்ச்சஸ்’ என்று எழுதிவிடுங்கள்.

அறிகுறி: எஸ் போட்டிருக்கிறோம், ஆனாலும் தவறு என்கிறார்கள்

‘எ ஃபைவ் கிலோமீட்டர்ஸ் வாக்.’ ‘எ டூ லிட்டர்ஸ் பாட்டில்.’ ‘எ த்ரீ இயர்ஸ் ஓல்ட் சைல்ட்.’ ‘எ டென் சாவரின்ஸ் செயின்.’

எண்ணைப் பார்த்தால் பன்மை. ஆனால் இங்கே அலகு எண்ணப்படவில்லை. நடையை, பாட்டிலை, குழந்தையை, சங்கிலியை விவரிக்க வந்த அடைமொழி அது. ஆங்கிலத்தில் அடைமொழிக்குப் பன்மை கிடையாது. சிவப்புக் கார்கள் என்று சொல்ல ‘ரெட்ஸ் கார்ஸ்’ என்று யாரும் எழுத மாட்டார்கள் அல்லவா? அதே காரணத்தால் ‘எ ஃபைவ்-கிலோமீட்டர் வாக்’, ‘எ டூ-லிட்டர் பாட்டில்’, ‘எ த்ரீ-இயர்-ஓல்ட் சைல்ட்’, ‘எ டென்-சாவரின் செயின்’ என்பவையே சரி. எண்ணையும் அலகையும் இணைக்கும் சிறு கோட்டையும் போடுங்கள். அந்தக் கோடு இருந்தால் எஸ் வராது என்று கண்ணுக்கே பழகிவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அலகுக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். அலகு விவரிக்கும் பெயர்ச்சொல் அடுத்து ஒட்டி வந்தால் ஒருமை. ‘டால்’, ‘லாங்’, ‘ஓல்ட்’, ‘அவே’ போன்ற சொல்லோடு வாக்கியம் முடிந்தால் பன்மை. ‘த சைல்ட் இஸ் த்ரீ இயர்ஸ் ஓல்ட்’, ஆனால் ‘எ த்ரீ-இயர்-ஓல்ட் சைல்ட்’. ‘த ரோப் இஸ் டென் மீட்டர்ஸ் லாங்’, ஆனால் ‘எ டென்-மீட்டர் ரோப்’. பின்னால் வரும் பெயர் பன்மையானாலும் அலகு அசையாது: ‘டென்-மீட்டர் ரோப்ஸ்’.

‘ஃபீட்’ என்ற சொல்லால் வரும் தொல்லை தனி. வீட்டு விளம்பரங்களில் ‘1200 ஸ்கொயர் ஃபீட் ஹவுஸ்’ என்று பார்க்கிறோம். ‘எ 1200-ஸ்கொயர்-ஃபுட் ஹவுஸ்’ என்பதுதான் சரி. வீட்டின் அளவை மட்டும் சொல்வதானால் ‘த ஹவுஸ் இஸ் 1200 ஸ்கொயர் ஃபீட்’. நமக்கு ‘ஃபீட்’ என்பதே ஒருமைச் சொல் போலப் பதிந்துவிட்டது. ‘ஒரு ஃபீட் தள்ளி வை’ என்று தமிழில் பேசும்போதே கலந்து பேசுகிறோம். அது தமிழ்ப் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஒன்றுக்கு ‘ஃபுட்’, ஒன்றுக்கு மேல் ‘ஃபீட்’, அடைமொழியானால் எத்தனை அடியானாலும் ‘ஃபுட்’.

‘டென்-ஃபுட்’ என்பதற்குள் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், எண்ணுக்குப் பின் வரும் அளவுச் சொல் பல நேரம் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வந்தது. அந்த வடிவம் ‘ஃபோட்டா’ என்பது போல ஓர் ‘ஆ’ ஓசையில் முடியும். நாளடைவில் சொல்லின் கடைசி உயிரோசை தேய்ந்து, பார்ப்பதற்கு ஒருமை போலத் தெரியும் ‘ஃபுட்’ மிஞ்சியது. அதாவது ஒரு காலத்தில் அதுவும் பன்மைதான், ஒலி தேய்ந்ததில் அடையாளம் போய்விட்டது. இது தெரிந்தால் ‘பத்து என்று சொல்லிவிட்டு ஒருமை போடுகிறார்களே, இது என்ன நியாயம்’ என்ற எரிச்சல் கொஞ்சம் தணியும்.

இந்த விதிக்கு அடங்காத இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் கை வைத்துத் திருத்திவிடக் கூடாது.

ஒன்று, இடப்பெயர். சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் உள்ள ‘ஹண்ட்ரட் ஃபீட் ரோடு’ இலக்கணப்படி ‘ஹண்ட்ரட்-ஃபுட் ரோடு’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது பெயராகிவிட்டது. முகவரியில் அதைத் திருத்தினால் கடிதம் சுற்றித்தான் வரும். அந்தச் சாலையின் அகலத்தைப் பொதுவாக விவரிக்கும்போது மட்டும் ‘எ ஹண்ட்ரட்-ஃபுட்-வைட் ரோடு’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று, தடகளப் போட்டிகள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய போட்டியின் முறையான பெயர் ‘400 மீட்டர்ஸ் ஹர்டில்ஸ்’. பின்னால் பெயர்ச்சொல் இருந்தும் எஸ் நிற்கிறது, ஏனென்றால் ‘400 மீட்டர்ஸ்’ என்பதே ஒரு போட்டியின் பெயர். அன்று மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 வினாடி, உஷாவின் நேரம் 55.42. பதக்கத்தை அவரிடமிருந்து பறித்த அந்த இடைவெளியை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘ஒன் ஹண்ட்ரத் ஆஃப் எ செகண்ட்’. அங்கே ‘செகண்ட்’ ஒருமை. நேரத்தைச் சொல்லும்போது ‘55.42 செகண்ட்ஸ்’, அங்கே பன்மை. சாதாரணப் பேச்சில் ‘எ 400-மீட்டர் ரேஸ்’ என்றால் அதுவும் சரி, அங்கே அது வெறும் அடைமொழி.

அறிகுறி: ‘டூ வீக்ஸ் நோட்டீஸ்’ என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அங்கே எஸ் எப்படி வந்தது?

வேலையை விடும் கடிதங்களில் வரும் சந்தேகம் இது. அந்த எஸ் பன்மையோடு சேர்ந்த உடைமை எஸ். இரண்டு வாரங்களின் அறிவிப்பு என்று பொருள். எழுத்தில் எஸ்ஸுக்குப் பின்னால் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) ஒன்று வர வேண்டும். ஒரு வாரமானால் ‘ஒன் வீக்’ஸ் நோட்டீஸ்’, குறி எஸ்ஸுக்கு முன்னால். மூன்று மாதச் சம்பளம் ‘த்ரீ மந்த்ஸ்’ சாலரி’, பத்து நிமிட நடை ‘டென் மினிட்ஸ்’ வாக்’.

நேர அலகுகளில் பல இடங்களில் இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ‘எ டென்-மினிட் வாக்’ என்றும் எழுதலாம், ‘டென் மினிட்ஸ்’ வாக்’ என்றும் எழுதலாம். கவனிக்க வேண்டியது முன்னால் வரும் ‘எ’. அடைமொழி வடிவத்தில் ‘எ’ வரும், உடைமை வடிவத்தில் வராது. இரண்டையும் கலந்து ‘எ டென் மினிட்ஸ் வாக்’ என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. ‘நோட்டீஸ்’ போன்ற சொற்களை ஆங்கிலத்தில் எண்ணுவதில்லை என்பதால் அங்கே உடைமை வடிவம் பாதுகாப்பானது.

அறிகுறி: ‘பெர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பன்மை

‘ரேட் பெர் ஸ்கொயர் ஃபீட்.’ மனை விற்பவரிலிருந்து கட்டட ஒப்பந்தக்காரர் வரை எழுதுவது. ‘பெர்’ என்றால் ஒவ்வொன்றுக்கும் என்று பொருள், எனவே பின்னால் எப்போதும் ஒருமை. ‘பெர் ஸ்கொயர் ஃபுட்’, ‘பெர் கிலோ’, ‘பெர் ஹெக்டேர்’. விதிவிலக்கு தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வேகத்தில் இதன் மறுபாதி தெரியும்: ‘சிக்ஸ்டி கிலோமீட்டர்ஸ் பெர் அவர்’. முன்னால் உள்ளது எண்ணப்படுகிறது, பன்மை. பின்னால் உள்ளது ஒருமை. ‘சிக்ஸ்டி கிலோமீட்டர் பெர் அவர்ஸ்’ என்று எஸ்ஸைக் கடைசியில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

அறிகுறி: கூட்டு அலகில் எஸ் எங்கே போடுவது என்று தெரியவில்லை

எண்ணப்படுவது எதுவோ அதன் மேல் போடுங்கள். ‘ஸ்கொயர் மீட்டர்ஸ்’, ‘கியூபிக் சென்டிமீட்டர்ஸ்’, ‘லைட்-இயர்ஸ்’. வெப்பநிலையில் எண்ணப்படுவது டிகிரி. எனவே ‘தேர்ட்டி எய்ட் டிகிரீஸ் செல்சியஸ்’. செல்சியஸ் ஒரு மனிதரின் பெயர், அதைத் தொட வேண்டாம். பெருக்கல் அலகுகளில் கடைசிச் சொல்லில் எஸ் வரும். மின்கட்டண யூனிட் என்று நாம் சொல்வது ஒரு கிலோவாட் அவர். நூறு யூனிட் என்றால் ‘ஹண்ட்ரட் கிலோவாட்-அவர்ஸ்’. ‘கிலோவாட்ஸ் அவர்’ என்பது தவறு. ‘நியூட்டன் மீட்டர்ஸ்’ இதே வகை.

அறிகுறி: வினைச்சொல்லில் குழப்பம், ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ?

‘டென் கிலோமீட்டர்ஸ் ஆர் எ லாங் டிஸ்டன்ஸ் டு வாக்.’ பன்மை எழுவாய், பன்மை வினை என்று பள்ளியில் கற்ற விதியை உண்மையாகக் கடைப்பிடித்த வாக்கியம். ஆனாலும் காதுக்கு உதைக்கிறது. பத்துக் கிலோமீட்டர் என்பது பத்துப் பொருள்கள் அல்ல, ஒரே தூரம். எனவே ‘டென் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் டிஸ்டன்ஸ்’. பெயரில் எஸ் இருக்கும், வினை ஒருமையில் இருக்கும். இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘ஃபைவ் ஹண்ட்ரட் ரூபீஸ் இஸ் இனஃப்.’ ‘ட்வென்டி மினிட்ஸ் இஸ் டூ ஷார்ட்.’ ‘த்ரீ லிட்டர்ஸ் இஸ் ஆல் வி நீட்.’

அப்படியானால் எப்போதும் ‘இஸ்’தானா? இல்லை. ‘டென் இயர்ஸ் ஹாவ் பாஸ்ட்’ என்கிறோம், ‘ஹாஸ்’ இல்லை. ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ‘த ஃபர்ஸ்ட் டூ டேஸ் வேர் டிஃபிகல்ட்’ என்பதும் அப்படியே. முதல் நாள், இரண்டாம் நாள் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

இந்த உணர்வு தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏற்கெனவே உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘ஐந்நூறு ரூபாய் அதிகம்’, ‘இருபது நிமிடம் போதாது’ என்று ஒரே அளவாகப் பேசுகிறோம். ‘பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன’ என்று பிரித்தும் பேசுகிறோம். ஆங்கில வாக்கியத்தில் தடுமாறினால், அதே கருத்தைத் தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ‘அவ்வளவு’ என்ற சொல் பொருந்தினால் ‘இஸ்’. ‘ஒவ்வொன்றாக’ என்பது பொருந்தினால் ‘ஆர்’ அல்லது ‘ஹாவ்’. எல்லா இடத்திலும் அச்சுப் பிசகாமல் இது வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனப்பாட விதியைவிட இதை நம்பலாம்.

‘ஆஃப்’ சேர்ந்து வரும் தொடர்களில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ‘டூ லிட்டர்ஸ் ஆஃப் மில்க் இஸ் இனஃப்’ என்பதில் சந்தேகமே இல்லை. பாத்திரத்தின் பெயர் வந்துவிட்டால் கதை மாறும்: ‘டூ பாட்டில்ஸ் ஆஃப் மில்க் ஆர் ஆன் த டேபிள்’. பாட்டில் கண்ணெதிரே இருக்கும் பொருள், லிட்டர் ஓர் அளவு.

இதே காரணத்தால்தான் ‘லெஸ் தன் ஃபைவ் மினிட்ஸ்’ சரி. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’ என்று படித்தவர்கள் இதையும் ‘ஃபியூவர் தன் ஃபைவ் மினிட்ஸ்’ என்று திருத்துகிறார்கள். வேண்டாம். ஐந்து நிமிடம் என்பது ஒரே கால அளவு.

அறிகுறி: முன்னால் ‘எ’, பின்னால் பன்மை. இது பிழையா?

‘எ குட் ஃபைவ் மைல்ஸ்’, ‘அன் எக்ஸ்ட்ரா டென் மினிட்ஸ்’, ‘அனதர் த்ரீ கிலோஸ்’. இவை பிழையே இல்லை. இங்கும் மொத்தத்தை ஒன்றாகக் கட்டிப் பேசுகிறார்கள், அதனால் ‘எ’ வருகிறது. ‘எவ்ரி ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’ என்பதும் சரி. ‘எவ்ரி’ வந்தால் ஒருமை என்ற விதியை நினைத்து எஸ்ஸை வெட்டிவிடாதீர்கள். அந்த விதி எண் இல்லாத ‘எவ்ரி டே’ போன்ற இடங்களுக்கு.

அறிகுறி: அரை, கால், ஒன்றரை, தசமம் வந்ததும் தடுமாற்றம்

பின்னத்தைச் சொல்லாகச் சொன்னால் கணக்கு நேரானது. ஒன்றுக்குக் கீழே ஒருமை: ‘ஹாஃப் எ கிலோமீட்டர்’, ‘எ குவார்ட்டர் ஆஃப் எ லிட்டர்’, ‘த்ரீ குவார்ட்டர்ஸ் ஆஃப் எ மைல்’. கடைசித் தொடரில் எஸ் ‘குவார்ட்டர்’ மேல் இருக்கிறது, மைல் மேல் இல்லை. ஒன்றைத் தாண்டினால் பன்மை: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் கிலோமீட்டர்ஸ்’. இதையே ‘எ கிலோமீட்டர் அண்ட் எ ஹாஃப்’ என்று சொன்னால் மீட்டர் ஒருமைக்குத் திரும்பிவிடும். ஒன்றரைக்கு ‘ஒன் அண்ட் ஹாஃப் கிலோமீட்டர்’ என்று சொல்வது நம் பக்கத்தில் மிக அதிகம். அதில் ஹாஃபுக்கு முன் ‘எ’ இல்லை, மீட்டருக்குப் பின் எஸ் இல்லை.

தசமப் புள்ளி வந்தால்தான் சிக்கல். 0.5 என்பது ஒன்றைவிடச் சிறியது, ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘ஜீரோ பாயிண்ட் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’ என்று பன்மையில்தான் சொல்கிறார்கள். பூச்சியமும் பன்மை: ‘ஜீரோ டிகிரீஸ்’. 1.5 பன்மை. 1.0 என்று எழுதினால் அதுவும் பன்மை. இலக்கத்தில் எழுதும்போது ஒருமை என்பது ‘ஒன்று’ என்ற முழு எண்ணுக்கு மட்டும் உரியது. மற்ற எல்லாம், ஒன்றுக்கு மேலோ கீழோ, பன்மை வடிவத்தை எடுக்கும்.

இதற்கு எதிரான வழிகாட்டலும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம், ஒன்றைவிடச் சிறிய மதிப்புக்கு அலகின் பெயரை ஒருமையில் எழுதச் சொல்கிறது: ‘0.25 லிட்டர்’, ஆனால் ‘250 மில்லிலிட்டர்ஸ்’. பூச்சியம் டிகிரிக்கு மட்டும் அங்கேயும் பன்மைதான். அமெரிக்க அறிவியல் ஆவணம் எழுதுகிறீர்கள் என்றால் அதைப் பின்பற்றுங்கள். செய்தி, கட்டுரை, செயலி, கடிதம் என்றால் பன்மையே இயல்பு. ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

செயலி எழுதுகிறவர்களுக்குத் தனியாக: திரையில் ‘1 டேஸ் அகோ’ என்றோ ‘2 மினிட் லெஃப்ட்’ என்றோ தெரிந்தால், நிரலில் யாரோ எண்ணையும் அலகையும் நேராக ஒட்டியிருக்கிறார்கள். ‘ஒன்றுக்கு மேல் என்றால் எஸ் சேர்’ என்று நிபந்தனை போட்டாலும் தீராது. பூச்சியமும் 0.5-ம் அதில் தவறும். ‘ஃபுட்’ என்பது ‘ஃபுட்ஸ்’ ஆகிவிடும். யுனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பில் ஒவ்வொரு மொழிக்கும் பன்மை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது சொல்வது: முழு எண் பகுதி 1 ஆகவும், புள்ளிக்குப் பின் எந்த இலக்கமும் தெரியாமலும் இருந்தால் ஒருமை, மற்றவை பன்மை. 1 ஒருமை, 1.0 பன்மை என்பது இப்படித்தான் வருகிறது. அந்த விதியைப் பயன்படுத்தும் நூலகம் அநேகமாக எல்லா நிரல்மொழிகளிலும் கிடைக்கும். நீங்களாக எழுத வேண்டாம். நாளைக்கு அரபி மொழியைச் சேர்க்கும்போது ஆறு வகை வடிவங்கள் தேவைப்படும், ஜப்பானியத்துக்கு ஒன்று போதும்.

அறிகுறி: சில அலகுகள் எஸ்ஸையே ஏற்க மறுக்கின்றன

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் எஸ் வாங்கிக்கொண்டது. ஹெர்ட்ஸ் என்பதில் கடைசியில் கேட்கும் ஓசை அந்த விஞ்ஞானியின் பெயரிலேயே இருப்பது, பன்மை விகுதி அல்ல. ஒன்றானாலும் ஐம்பதானாலும் ஹெர்ட்ஸ். ஒளியை அளக்கும் லக்ஸ், மின்கடத்தலை அளக்கும் சீமென்ஸ் இரண்டும் இதே மாதிரி. ‘ஒன் சீமென்’ என்று எஸ்ஸை உருவி ஒருமை ஆக்குகிறவர்கள் உண்டு. அது தவறு, வெர்னர் ஃபான் சீமென்ஸ் என்பவரின் பெயர் அது.

கிணற்று மோட்டாருக்கு ‘ஃபைவ் ஹார்ஸ்பவர்’, எஸ் இல்லை. பிரிட்டனில் உடல் எடை சொல்லும் ‘ஸ்டோன்’ 14 பவுண்டுக்குச் சமம். ‘லெவன் ஸ்டோன்’ என்பார்கள், ‘ஸ்டோன்ஸ்’ இல்லை. கால்நடைக்கு ‘ஃபிஃப்டி ஹெட் ஆஃப் கேட்டில்’. பணத்தில் யென், யுவான், பாட் ஆகியவை மாறாது. மலேசியத் தமிழர்கள் கையில் புழங்கும் ரிங்கிட்டும் ஆங்கிலத்தில் ‘ஃபைவ் ரிங்கிட்’தான். ரூபாயும் டாலரும் எஸ் வாங்கும்.

வெப்பநிலை அலகான கெல்வினை மாறாத பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். முன்பு ‘டிகிரி கெல்வின்’ என்றார்கள். 1967-ல் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு டிகிரியை நீக்கி வெறும் ‘கெல்வின்’ ஆக்கியது. அதற்குப் பிறகு எண்ணப்படுவது கெல்வின்தான், எனவே ‘300 கெல்வின்ஸ்’.

அறிகுறி: லட்சமா லட்சங்களா, டஜனா டஜன்ஸா?

முன்னால் திட்டமான எண் இருந்தால் ஒருமை: ‘ஃபைவ் லாக் ரூபீஸ்’, ‘த்ரீ டஜன் எக்ஸ்’, ‘டூ குரோர் பீப்பிள்’. எண் இல்லாமல் ஏராளம் என்ற பொருளில் வந்தால் பன்மை, கூடவே ‘ஆஃப்’: ‘லாக்ஸ் ஆஃப் பீப்பிள்’, ‘டஜன்ஸ் ஆஃப் எக்ஸ்’. ‘டென் லாக்ஸ்’ என்று இந்திய ஆங்கிலத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நாளிதழ்களில் பெரும்பாலும் ‘லாக்’தான். அதையே பின்பற்றலாம் என்பது என் பரிந்துரை.

அறிகுறி: மூட்டையிலும் பில்லிலும் ‘கேஜிஎஸ்’, ‘கேஎம்எஸ்’, ‘ஜிஎம்எஸ்’

இது இலக்கணப் பிழை என்பதைவிடக் குறியீட்டுப் பிழை. கிலோகிராமுக்கு கே, ஜி என்ற இரண்டு சிறிய எழுத்து. கிலோமீட்டருக்கு கே, எம். கிராமுக்கு ஜி மட்டும். பாரிஸ் அருகே இருக்கும் சர்வதேச எடை, அளவைகள் அலுவலகம் வெளியிடும் விளக்க ஏடு இவற்றைச் சுருக்கெழுத்தாகவே கருதுவதில்லை. கணிதக் குறியீடுகள் என்கிறது. கூட்டல் குறிக்குப் பன்மை இல்லாதது போல இவற்றுக்கும் இல்லை. எஸ் சேர்ப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறிய எஸ் என்பது வினாடிக்கான குறியீடு. ‘கேஜிஎஸ்’ என்பதைக் கறாராகப் படித்தால் கிலோகிராமை வினாடியால் பெருக்கியது போல ஆகிவிடும்.

வாக்கியம் அங்கே முடிந்தால் தவிர, குறியீட்டுக்குப் பின் புள்ளி வேண்டாம். எண்ணுக்கும் குறியீட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி விடுங்கள். மணிக்கு ‘ஹெச்ஆர்எஸ்’ இல்லை, ஹெச் மட்டும். லிட்டருக்கு ‘எல்டிஆர்’ இல்லை, எல். அது சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். சிறிய எல் பார்ப்பதற்கு 1 என்ற எண் போலத் தெரிவதால் பெரிய எல்-ஐ நான் விரும்புவேன்.

இந்திய ரூபாயின் பழைய சுருக்கம் மட்டும் இந்த விதிக்கு வெளியே நின்றது. ஒரு ரூபாய்க்கு ‘ஆர்இ’, அதற்கு மேல் ‘ஆர்எஸ்’ என்று எழுத்துச் சுருக்கத்திலேயே ஒருமை, பன்மை பார்த்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து 2010-ல் அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி வந்ததும் அந்தத் தொல்லை போனது. ஒன்றுக்கும் கோடிக்கும் ஒரே குறி.

எழுதி முடித்த ஆவணத்தில் தேடும் முறை

நீண்ட அறிக்கை என்றால் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தேடல் பெட்டியில் முதலில் ‘ஃபீட்’ என்று போடுங்கள். நம் ஊர் ஆங்கிலத்தில் அதிகம் சிக்குவது அதுதான். ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொல்லைப் பாருங்கள். பெயர்ச்சொல் ஒட்டி வந்தால் ‘ஃபுட்’ ஆக்கி, கோடு போடுங்கள். அடுத்து ‘பெர்’ என்று தேடி, பின்னால் உள்ள எஸ்ஸை எடுங்கள். பிறகு ‘கேஜிஎஸ்’ வகைக் குறியீடுகள்; இவற்றை மட்டும் மொத்தமாக மாற்றிவிடலாம். ‘இயர்ஸ் ஓல்ட்’ என்று தேடினால் அடைமொழிப் பிழைகள் சில கிடைக்கும். ‘இஸ்’, ‘ஆர்’ பிழையைத் தேடல் பெட்டி கண்டுபிடிக்காது, அதற்கு எழுவாயாக எண் வரும் வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானை ‘ஃபீட்’ மேல் மட்டும் அழுத்தாதீர்கள், ஹண்ட்ரட் ஃபீட் ரோடு முகவரிகளும் சேர்ந்து மாறிவிடும்.